அந்த நாலு பேரில் நீங்களும் ஒருவர்

கேள்வி இது: “மனிதர்களை ஒன்பது வகையாகப் பிரித்துப் பார்க்கும் எனியாகிராம் டெஸ்ட் எடுத்தேன். இரண்டாம் வகை, அதாவது ‘உதவுபவர்’ என்று வந்தது. விளக்கத்தைப் படித்தால் யாரோ என் பக்கத்திலேயே இருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. ‘முதலில் உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்’ என்று அதில் அறிவுரை. ஆனால் நான் நம்பும் ஆன்மிகம் பிறருக்காக வாழச் சொல்கிறது. என் தங்கை தினமும் இரவு பத்து மணிக்கு மேல் போன் செய்து ஒரு மணி நேரம் தன் கஷ்டத்தைச் சொல்வாள். கேட்டு முடித்ததும் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. ஒருநாள் போனை எடுக்காமல் விட்டேன். அன்றும் தூங்கவில்லை, குற்ற உணர்வு. எனக்கு எவ்வளவு, மற்றவர்களுக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?”

உங்கள் கேள்வியின் கடைசி வரியில் ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் நீங்கள், இன்னொரு தட்டில் மற்றவர்கள். ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். நானும் இரண்டாம் வகைதான். பல வருடங்களாக எனியாகிராம் குழுக்களை நடத்தி வருகிறேன். இந்தத் தராசை வைத்து அளந்தவர் யாரும் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. தனக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கினால் எதையோ திருடிவிட்ட மாதிரி இருக்கும். ஒதுக்காவிட்டால் உள்ளே எரிச்சல் சேர்ந்துகொண்டே போகும். அதனால் அளவைப் பற்றிப் பேசும் முன் தராசைப் பற்றிப் பேசிவிடலாம்.

5-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்தில், மகாவிகாரையில் தங்கி புத்தகோசர் என்ற பௌத்த அறிஞர் பாலி மொழியில் விசுத்திமக்கம் என்ற நூலை எழுதினார். அதில் மைத்திரி தியானத்தை, அதாவது எல்லோருக்கும் நலம் நினைக்கும் தியானத்தைச் சொல்லும் இடத்தில் ஒரு காட்சி வருகிறது. நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தியானம் பழகும் துறவி ஒருவர், அவருக்குப் பிரியமானவர் ஒருவர், வேண்டியவர் என்றும் வேண்டாதவர் என்றும் சொல்ல முடியாத ஒருவர், பகையானவர் ஒருவர். கொள்ளையர்கள் வந்து, ‘எங்களுக்கு ஒரு ஆளைக் கொடுங்கள்’ என்கிறார்கள். எதற்கு? கொன்று ரத்தத்தைப் பலியிட. ‘இவரை எடுத்துக்கொள்ளட்டும்’ என்றோ ‘அவரை எடுத்துக்கொள்ளட்டும்’ என்றோ துறவி நினைத்தால் அவருடைய மைத்திரி இன்னும் முழுமையாகவில்லை. இது யாருக்கும் புரியும். நூல் அதற்கு அடுத்துச் சொல்வதைப் படித்தபோதுதான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ‘என்னை எடுத்துக்கொள்ளட்டும், இந்த மூன்று பேரை விட்டுவிடட்டும்’ என்று நினைத்தாலும் முழுமையாகவில்லை. யாரை எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைக்கிறாரோ அவருக்குக் கெடுதல் நினைக்கிறார், மற்றவர்களுக்கு மட்டும் நல்லது நினைக்கிறார் என்பதே காரணம். கொடுக்கத் தக்கவர் என்று அந்த நாலு பேரில் ஒருவர்கூடத் தென்படாதபோதுதான் எல்லைகள் உடைகின்றன. சீமாசம்பேதம் என்று அந்த நிலைக்குப் பெயர்.

இரண்டாம் வகைக்காரர்கள் கொள்ளையர் வாய் திறக்கும் முன்பே எழுந்து நிற்கிறவர்கள். அதை நாங்கள் அன்பு என்று நினைக்கிறோம். அதில் அன்பு இருக்கவும் செய்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் நாலு பேரில் ஒருவரை மட்டும் எப்போதும் பலிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது அந்த அன்பு. அந்த ஒருவர் நாமாக இருப்பதால் அது பாரபட்சம் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

இதை எனியாகிராம் எப்படிச் சொல்கிறது என்று பார்க்கலாம். அந்த ஒன்பது முனைச் சின்னத்தை மேற்குலகில் அறிமுகப்படுத்தியவர் குர்ஜீப் என்ற ஆன்மிக ஆசிரியர். அதில் மனிதரின் ஒன்பது உள்முடிச்சுகளைப் பொருத்தியவர் பொலிவியாவில் பிறந்த ஆஸ்கார் இச்சாசோ. 1970-இல் சிலி நாட்டின் அரிகா நகரில் அவர் நடத்திய பயிற்சிக்குப் போன மனநல மருத்துவர் கிளாடியோ நரன்ஹோ அதை மனோதத்துவ மொழியில் விரித்து பெர்க்லியில் கற்பித்தார். அங்கிருந்து இயேசு சபைத் துறவிகள் வழியாகவும் மற்றவர்கள் வழியாகவும் பரவியது. ஒவ்வொரு முனைக்கும் ஒரு உள்நோய் உண்டு. கோபம், பொறாமை, பேராசை என்று போகும் அந்தப் பட்டியலைப் பார்த்தால், 4-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பாலைவனத் துறவி எவாக்ரியஸ் எழுதிவைத்த எட்டுத் தீய எண்ணங்களின் சாயல் தெரியும். இரண்டாம் வகைக்கு அதில் எழுதியிருக்கும் நோய், செருக்கு.

குழுவில் இதைச் சொல்லும்போது சிலர் முகம் வாடிவிடும். ‘ஓடி ஓடி எல்லோருக்கும் செய்கிறேன், எனக்கா செருக்கு?’ என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். மார்தட்டிக்கொள்ளும் செருக்கு இல்லை இது. ‘எனக்கு எதுவும் வேண்டாம், வேண்டியிருப்பவர்கள் மற்றவர்கள்தான், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்’ என்று உள்ளே ஓசையில்லாமல் இருக்கும் நம்பிக்கை. தேவையே இல்லாதவர் என்றால் அது கடவுள்தான். அந்த நாற்காலியில் மனிதர் போய் உட்கார்வதால்தான் அதற்குச் செருக்கு என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது பணிவு. ‘எனக்குப் பசிக்கிறது, களைப்பாக இருக்கிறது, இன்றைக்கு என்னால் முடியாது, எனக்குக் கொஞ்சம் உதவு’ என்று சொல்ல முடிகிற பணிவு. அப்படிப் பார்த்தால் உங்களைக் கவனித்துக்கொள்வது உங்கள் ஆன்மிகத்துக்கு எதிர்த் தட்டில் இல்லை. இந்த வகையில் இருப்பவருக்கு அதுதான் முதல் ஆன்மிகப் பயிற்சி. கடினமானதும் அதுதான்.

எவ்வளவு கடினம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு குழுவில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ஒரு பயிற்சி கொடுத்தேன். ஒருவர் ‘இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்க வேண்டும். மற்றவர் பதில் சொன்னதும் ‘நன்றி’ என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி அதையே கேட்க வேண்டும். ஐந்து நிமிடம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, ‘மகளுக்கு வேலை கிடைக்கணும்’ என்றார். நன்றி, இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்? ‘அவருக்கு முட்டிவலி தீரணும்.’ நன்றி, உங்களுக்கு? ‘எல்லாரும் சந்தோஷமா இருக்கணும்.’ ஏழெட்டுத் தடவை கேட்ட பிறகு பதில் நின்றுவிட்டது. கண் இங்கும் அங்கும் போனது. பிறகு, யாரோ வேறு ஒருவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி, ‘தண்ணி வேணும்’ என்றார். அவர் மடியிலேயே ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. காலையிலிருந்து மூன்று பேருக்கு அதிலிருந்து ஊற்றிக் கொடுத்திருந்தார். மூடியைத் திறந்து குடித்தார், பாதிக்கு மேல் குடித்தார், குடித்துவிட்டு அழுதார். அவருக்கு யாரும் தண்ணீர் கொடுக்காமல் இருந்ததில்லை. தாகம் என்ற செய்தியே அவருக்குப் போய்ச் சேரவில்லை.

ஆகவே ‘எனக்கு எவ்வளவு’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எனக்கு என்ன’ என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் தெரியாமல் நேரத்தை மட்டும் ஒதுக்கினால் என்ன ஆகும் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்க ‘எனக்கான நேரம்’ என்று வைத்துவிட்டு, அந்த நேரத்தில் யாருக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்போம்.

இதே விசுத்திமக்கத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. மைத்திரி தியானத்தை ‘நான் நலமாக இருக்கட்டும்’ என்று தன்னிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் தன்மேல் மட்டும் நூறு வருடம், ஆயிரம் வருடம் செய்தாலும் ஆழ்ந்த தியான நிலை கூடாது என்றும் நூல் சொல்கிறது. அப்படியானால் எதற்குத் தன்னிடம் தொடங்குவது? சாட்சிக்காக. ‘நான் எப்படி இன்பத்தை விரும்பித் துன்பத்தை வெறுக்கிறேனோ, அப்படியே மற்ற உயிர்களும்’ என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி நாம்தான். தன் களைப்பை உணராதவர் அடுத்தவர் களைப்பை ஊகிக்கத்தான் முடியும், அறிய முடியாது. நம்மில் பலர் செய்யும் உதவி எதிரில் இருப்பவருக்குத் தேவையானதாக இல்லாமல், அவருக்குத் தேவை என்று நாம் கற்பித்துக்கொண்டதாக இருப்பது இதனால்தான். என் மகன் ஒருமுறை, ‘நீங்க செய்றது எல்லாமே நல்லதுதான், ஆனா நான் கேட்டது அது இல்லை’ என்றான். அதன் பிறகு பல மாதம் அந்த வாக்கியத்தோடுதான் இருந்தேன்.

உங்கள் ஆன்மிகம் பிறருக்காக வாழச் சொல்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மரபு என்று நீங்கள் சொல்லவில்லை. நான் அறிந்த பெரிய மரபுகளில், தன்னைக் கணக்கில் எடுக்காத அன்பை உச்சமாக வைத்த இடம் தேடினால் கிடைப்பதரிது. 12-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவத் துறவி கிளேர்வோ பெர்னார்ட் அன்புக்கு நான்கு படிகள் சொன்னார். தனக்காகத் தன்னை நேசிப்பது முதல் படி. தனக்காகக் கடவுளை நேசிப்பது இரண்டாவது. கடவுளுக்காகவே கடவுளை நேசிப்பது மூன்றாவது. அதோடு முடிந்திருக்கும் என்று நாம் நினைப்போம். அவர் நான்காவதாக, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது கடவுளுக்காகத் தன்னை நேசிப்பதை. கால்வாயாக இருக்காதே, நீர்த்தேக்கமாக இரு என்று சொன்னவரும் அவர்தான். கால்வாய் வந்த நீரை வந்த வேகத்திலேயே வெளியே விட்டுவிடுகிறது. தேக்கம் நிறையும் வரை பொறுத்திருந்து, நிறைந்து வழிவதைக் கொடுக்கிறது. கீதையின் 17-ஆம் அத்தியாயமும் கொடுப்பதிலேயே மூன்று தரம் பார்க்கிறது. கொடுப்பது கடமை என்று, திருப்பிச் செய்ய முடியாதவருக்கு, இடமும் காலமும் அறிந்து கொடுப்பது சாத்விகம். பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்தோ மனவருத்தத்தோடோ கொடுப்பது ராஜசம். காலம் இடம் பாராமல், மதிப்பில்லாமல் கொடுப்பது தாமசம். மனவருத்தத்தோடு கொடுப்பது என்பதைக் கவனியுங்கள். பத்து மணிக்கு மேல் போன் அடிக்கும்போது உங்களுக்குள் எழுவது எது என்று உங்களுக்கே தெரியும்.

எதிர்பார்ப்பு என்றதும் ‘நான் எதையும் எதிர்பார்க்கவில்லை’ என்று தோன்றும். பொதுவாகப் பணமோ பொருளோ எதிர்பார்க்க மாட்டோம்தான். நாம் எதிர்பார்ப்பது, நாம் இல்லாமல் முடியாது என்று அவர்கள் நினைக்க வேண்டும் என்பதை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ‘அவளுக்கு எவ்வளவு செய்தேன்’ என்ற வாக்கியம் மனதில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அங்கே ஒரு கடன் புத்தகம் திறந்திருக்கிறது, எதிராளிக்குத் தெரியாமலே அவர் பேரில் பற்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அது நிரம்பும் நாளில்தான் எப்போதும் சிரித்த முகமாக இருந்தவர் திடீரென்று வெடிப்பார். நெருக்கடியில் இரண்டாம் வகை எட்டாம் வகையை, அதாவது மோதி நிற்கும் வகையை நோக்கிப் போகும் என்று எனியாகிராமில் அம்புக்குறி போட்டுக் காட்டுவது இதைத்தான். வீட்டில் உள்ளவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்றே புரியாது.

இப்போது ஒரு எச்சரிக்கை. ‘உன்னை முதலில் கவனி’ என்பது எல்லோருக்கும் ஒரே மருந்து இல்லை. ஐந்தாம் வகைக்காரர் ஏற்கெனவே தன் சக்தியைச் சொட்டுச் சொட்டாக எண்ணிச் செலவழிப்பவர். கதவைச் சாத்திக்கொள்ள அவருக்கு இன்னொரு காரணம் கொடுத்தால் நோய்தான் வளரும். அவருக்கு ஒரு மாலையை முழுசாக யாருக்காவது கொடுப்பதுதான் தன்னைக் கவனித்துக்கொள்வது. ஏழாம் வகைக்காரருக்குத் தன்னைக் கவனிப்பது என்ற பெயரில் வலியிலிருந்து தப்பிக்கும் வழிதான் நிறையத் தெரியும். ஒன்றாம் வகைக்காரர் ஓய்வைச் சம்பாதித்தாக வேண்டும் என்று நினைப்பார், எல்லா வேலையும் சரியாக முடிந்த பிறகுதான் உட்காருவார், அது முடிவதே இல்லை. ஒன்பதாம் வகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு என்று டெஸ்டில் வருகிறவர்களில் சிலர் உண்மையில் ஒன்பதாக இருக்கிறார்கள். இருவரும் பிறருக்காக விட்டுக்கொடுப்பவர்கள். இரண்டு கூப்பிடாமலே போய் நிற்கும்; ஒன்பது கூப்பிட்டவர் பின்னால் போகும். ஒன்பது ஓய்வெடுக்காமல் இல்லை, மணிக்கணக்கில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஆனால் அது மரத்துப்போவது. ‘எனக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது’ என்று ஒரு நாளைக்கு ஒருமுறை வாய்விட்டுச் சொல்வதுதான் அதற்குப் பராமரிப்பு.

புத்தகோசரும் இதைத்தான் செய்தார். அவர் மனிதரை ஆறு சரிதங்களாக, அதாவது சுபாவங்களாகப் பிரித்தார்: ராகம் (ஆசை), துவேஷம் (வெறுப்பு), மோகம் (மனமயக்கம்), சிரத்தை (நம்பிக்கை), புத்தி, விதர்க்கம் (அலைபாயும் எண்ணம்). ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தியானம். ஆசை மிகுந்தவருக்கு உடலின் அழுக்கைச் சிந்திப்பது, கோபம் மிகுந்தவருக்கு மைத்திரி, அலைபாயும் மனத்துக்கு மூச்சு. தங்கும் இடத்தைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. ஆசை மிகுந்தவருக்கு அழகில்லாத எளிய குடிசை நல்லது, வெறுப்பு மிகுந்தவருக்குச் சுத்தமான, பார்க்க இதமான இருப்பிடமும் நல்ல உணவும் நல்லது என்கிறார். ஒருவருக்குச் சுகம் மருந்து, இன்னொருவருக்கு அதே சுகம் நோய். அந்த வித்தியாசத்தைப் பார்க்கக் கற்றுத்தருவதுதான் இந்த வகைப்பாடுகளால் கிடைக்கும் பெரிய பயன் என்று நினைக்கிறேன். அறிவியல் நிரூபணம் என்று எனியாகிராமை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 104 மாதிரிகளை அலசி 2021-இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு அதன் நம்பகத்தன்மைக்குக் கலவையான ஆதாரமே இருப்பதாகச் சொன்னது. முகம் பார்க்கும் கண்ணாடியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அந்தக் கண்ணாடியை எடுத்து வைத்துவிட வேண்டிய இடமும் உண்டு. படுக்கையில் விழுந்த பெற்றோரையோ விசேஷக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தையையோ தனி ஆளாகப் பார்த்துக்கொள்பவரிடம் போய் ‘இது உன் செருக்கு’ என்று சொல்வது கொடுமை. அவருக்குத் தேவை பகிர்ந்துகொள்ள இன்னொரு ஆள், தூங்க ஒரு இரவு, பணம். பெண்களைச் சின்ன வயதிலிருந்தே இரண்டாம் வகை போல நடக்கப் பழக்கிவிடுகிறோம். அதனால் எந்த வகைப் பெண்ணும் டெஸ்டில் இரண்டு என்று வரலாம். சுமை அதிகமா, சுபாவம் அப்படியா என்று பிரித்துப் பார்க்க நான் கேட்கும் கேள்வி இதுதான்: நாளைக்கே நம்பகமான ஒருவர் வந்து ‘ஒரு வாரம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றால் உங்களுக்கு முதலில் என்ன வரும்? நிம்மதி வந்தால் பிரச்சினை சுமை. பயமோ சின்னக் கோபமோ வந்தால் அங்கே இரண்டாம் வகையின் வேலை இருக்கிறது.

சரி, உங்கள் தங்கைக்கு வருவோம். ஒரு மணி நேரம் கேட்டதும் ஏன் தூக்கம் போகிறது? கருணைக்கு விசுத்திமக்கம் இரண்டு எதிரிகளைச் சொல்கிறது. தூரத்து எதிரி கொடூரம், அதை யாரும் அடையாளம் கண்டுவிடலாம். பக்கத்து எதிரி துக்கம். அது கருணையைப் போலவே முகம் காட்டும். இன்றைய ஆய்வும் இதை ஒட்டித்தான் வந்திருக்கிறது. மூளை ஆய்வாளர்கள் ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் உள்ளிட்டோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு முதலில் பிறர் துன்பத்தைத் தானும் அப்படியே உணரும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மனநிலை கெட்டது. பிறகு அதே ஆட்களுக்குக் கருணைப் பயிற்சி, அதாவது துன்பப்படுபவர் நலமாக வேண்டும் என்று இதமாக நினைக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கெட்ட மனநிலை பழைய இடத்துக்குத் திரும்பியது, நல்ல உணர்வு கூடியது. இரண்டிலும் இயங்கும் மூளைப் பகுதிகளும் வேறாக இருந்தன. உங்கள் ஒரு மணி நேரத்தில் நடப்பது முதல் வகை என்று நினைக்கிறேன். தங்கை கிணற்றில் விழுந்திருக்கிறாள், நீங்களும் உள்ளே குதித்துவிடுகிறீர்கள். அவள் பேசி முடித்து ஏறிப் போய்விடுகிறாள், நீங்கள் உள்ளேயே இருக்கிறீர்கள்.

போனை எடுக்காமல் விட்ட அன்று ஏன் தூங்கவில்லை என்பதற்கும் அதே நூலில் பதில் இருக்கிறது. சமநிலைக்கு, அதாவது உபேட்சைக்கு, பக்கத்து எதிரி ஒன்று உண்டு: அறியாமையால் வரும் அலட்சியம். எடுக்காமல் இருப்பது வெளியிலிருந்து பார்த்தால் எல்லை வகுத்த மாதிரித் தெரியும். ஆனால் நீங்கள் எதையும் அவளிடம் சொல்லவில்லை, ஒளிந்துகொண்டீர்கள். ஒளிந்தவருக்குத் தூக்கம் எப்படி வரும்?

அதனால் பகலிலேயே ஒரு நேரம் பார்த்து நீங்களாக அவளுக்குப் போன் செய்யுங்கள். ‘பத்து மணிக்கு மேல் என்னால் சரியாகக் கேட்க முடியவில்லை, தூக்கமும் போய்விடுகிறது. எட்டரைக்குப் பேசுவோம், அரை மணி நேரம். அவசரம் என்றால் எந்த நேரமும் கூப்பிடு’ என்று சொல்லுங்கள். இதற்கு மேல் காரணம் அடுக்காதீர்கள். தலைவலி, ஆபீஸ் வேலை என்று எதையாவது சேர்க்கத் தோன்றும். அது உங்கள் தேவையை நேராகச் சொல்லக் கூச்சப்படுவதுதான். பேசும்போது உங்கள் உடலைக் கவனியுங்கள். எனக்கு மார்பு முன்னால் சாய்ந்து தோள் ஏறிக்கொள்ளும், மூச்சு மேலேயே நிற்கும். அது தெரிந்ததும் முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொள்வேன். அது ஒன்றே போதும், கேட்பது தொடரும், குதிப்பது நிற்கும். வழி சொல்லாமல் ‘இப்போது உனக்கு நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்டும் பாருங்கள். ‘ஒன்றும் வேண்டாம், சும்மா கேள்’ என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். அவள் சொல்லும் கஷ்டத்தில் அடி உதையோ உயிரை விட்டுவிடும் எண்ணமோ இருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். உடனே தகுந்த உதவிக்கு அழைத்துப் போங்கள், தனியாகத் தாங்க முயற்சிக்காதீர்கள்.

குற்ற உணர்வு வரும், அது போகட்டும் என்று காத்திருந்தால் ஒருநாளும் தொடங்க மாட்டீர்கள். வருவதை வரவிட்டு, அதோடேயே செய்யுங்கள். எனக்கு முதல் ஒரு மாதம் ஒவ்வொரு தடவையும் வந்தது. பிறகு எப்போது குறைந்தது என்று கவனிக்கவில்லை.

பெறுவதையும் பழக வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு நண்பர் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் நான் அவருடைய மகள் படிப்புக்கு யாரிடம் பேசலாம் என்று நம்பர் தேடிக்கொண்டிருந்தேன். அவர் போனை என் கையிலிருந்து வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ‘படுங்க’ என்றார். படுத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒருவர் எனக்காக இருக்கிறார், நான் பதிலுக்கு எதுவும் கொடுக்கவில்லை என்ற அந்த அரை மணி நேரம், காய்ச்சலைவிடக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு நாளைக்கு ஒரு சின்ன உதவியாவது நேராகக் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். ஜாடையாகச் சொல்லி அவர்களாகப் புரிந்துகொள்ளட்டும் என்று விடுவது கணக்கில் சேராது. இதற்கு நேர்மாறாக, வாரத்துக்கு ஒன்று யாருக்கும் தெரியாமல் செய்வது. செய்தவர் யார் என்று ஒருநாளும் தெரியக் கூடாது. அப்போது வரும் சந்தோஷம் எவ்வளவு என்று பார்த்தால், மற்ற நேரத்தில் எதற்காகச் செய்கிறோம் என்பது துல்லியமாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இத்தனை நாள் இரவுகளில் உங்கள் கஷ்டம் ஒன்றையாவது தங்கையிடம் சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் கேள்வியில் அவள் பேசுகிறாள், நீங்கள் கேட்கிறீர்கள், அவ்வளவுதான் இருக்கிறது. அவளுக்கு உங்களைத் தாங்கும் வாய்ப்பு ஒருநாளும் கிடைத்திருக்காது. அடுத்த முறை எட்டரை மணிக்கு அவள் பேசி முடித்ததும், ‘எனக்கும் ஒன்று சொல்லணும், கேட்கிறாயா?’ என்று சொல்லிப் பாருங்கள். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கலாம், தடுமாறலாம். உங்களிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் இதுவரை கேட்டதில்லை. அவசரப்பட்டு ‘ஒன்றுமில்லை, விடு’ என்று சொல்லிவிடாமல் அவள் பதிலுக்குக் காத்திருங்கள்.